மிளகாய்ச் செடிக்கு இயற்கை உரம்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

உரக்கடை அலமாரியில் மிளகாய்ப் படம் போட்ட பைகளுக்கும் பாட்டில்களுக்கும் குறைவே இல்லை. ஒன்றில் ‘மிளகாய் ஸ்பெஷல்’, இன்னொன்றில் ‘பூ பூஸ்டர்’, மற்றொன்றில் ‘காய்ப்பு டானிக்’. பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் உள்ளே இருப்பவை ஏழெட்டுப் பொருள்கள்தான்: மண்புழு உரம், மக்கிய எரு, ஏதாவதொரு பிண்ணாக்கு, எலும்புத் தூள், மீன் கரைசல், கடல்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், நுண்ணுயிர்ப் பொடி. இவற்றைத் தனித்தனியே எடுத்து, மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் எது எவ்வளவு உதவும், எங்கே காலை வாரும் என்று பார்ப்போம். கீழே வரும் அளவுகள், வேறு எதுவும் சொல்லாத இடங்களில், 20 லிட்டர் தொட்டியில் ஒரு செடி என்ற கணக்கில் சொல்லப்படுபவை.

பொருளை எடைபோடும் முன் செடியின் தேவையைப் பார்த்துவிட வேண்டும். நன்றாகக் காய்க்கும் ஒரு செடி ஒரு பருவம் முழுக்க மண்ணிலிருந்து எடுக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய 3 முதல் 5 கிராம்தான். அது எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதே முக்கியம். நட்ட முதல் ஐந்தாறு வாரம் இலையும் கிளையும் வளரத் தழைச்சத்து வேண்டும். மொட்டு விட்டபின் அதே வேகத்தில் தழைச்சத்தைக் கொட்டினால் செடி கரும்பச்சையாக, ஆளுயரத்துக்கு, பார்க்க அழகாக நிற்கும். காய் மட்டும் இருக்காது. மொட்டுக்குப்பின் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்), தடைபடாத ஈரத்தோடு சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இயற்கை உரங்களில் பெரும்பாலானவை தோற்பது சத்து இல்லாததால் அல்ல, தப்பான வாரத்தில் சத்தை விடுவிப்பதால். இந்த ஒன்றை வைத்தே கீழே ஒவ்வொன்றையும் அளந்திருக்கிறோம்.

இன்னொரு விஷயம்: பூ உதிர்வுக்கு உரத்தைக் குற்றம் சொல்லும் பழக்கம். பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து நின்றாலோ, இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலோ, அல்லது எதிர்ப்பக்கமாக இரவு 13–15 டிகிரிக்குக் கீழே போனாலோ, மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். குடைமிளகாய் இதில் இன்னும் தொட்டாற்சிணுங்கி. எந்த ‘பூ பூஸ்டரும்’ வெயிலைக் குறைக்காது. அந்த வாரங்களில் நிழல்வலைக்குச் செலவழிக்கும் காசு பாட்டிலுக்குச் செலவழிப்பதைவிட மேல்.

லேபிளில் எதைப் பார்ப்பது

மூன்று எண்கள் இருக்கும்: தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து. பின்னிரண்டும் பொதுவாக ஆக்சைடு கணக்கில் அச்சிடப்படுகின்றன. உண்மையான பாஸ்பரஸ் அந்த எண்ணில் 44 சதவீதம், பொட்டாசியம் 83 சதவீதம். எண்களே அச்சிடாத பையை வாங்காமல் இருப்பது நல்லது. அதைவிட, ‘100% ஆர்கானிக்’ என்று முன்பக்கம் போட்டுவிட்டுப் பின்பக்கம் 19:19:19 என்று இருந்தால் அது ரசாயன உரம்தான். எருவும் பிண்ணாக்கும் அரைத்து அந்த எண்ணை எட்டவே முடியாது. இயற்கைப் பொருள்களின் கலவையில் மூன்றையும் கூட்டினாலும் 10–15ஐத் தாண்டுவது அபூர்வம்.

‘மிளகாய்க்கென்றே தயாரிக்கப்பட்டது’ என்ற வரிக்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை. தக்காளிக்கு விற்கும் உரமும் இதுவும் பெரும்பாலும் ஒன்றே. இரண்டும் ஒரே குடும்பம், பசியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எண்களை ஒப்பிட்டுப் பார்த்து மலிவானதை எடுத்துக்கொள்ளலாம்.

மண்புழு உரம்

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்கலாம். தழைச்சத்து 1–2 சதவீதம், மற்ற இரண்டும் அதற்குச் சற்றுக் குறைவாக. எண் சின்னதுதான். ஆனால் தொட்டிக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 லிட்டர் போட்டால், எடை ஏறக்குறைய இரண்டரைக் கிலோ வரும். அதில் மொத்தத் தழைச்சத்து குறைந்தது 25 கிராமாவது இருக்கும். ஒரு பருவத்தில் அதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரைதான் செடிக்குக் கிடைக்கும். அதுவே 3 கிராமைத் தொட்டுவிடுகிறது. செடியின் அடிப்படைப் பசியை வேர் கருகும் பயம் இல்லாமல் ஆற்றும் பொருள் இது. தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணமும் கூடவே வருகிறது. பின்னால் காய் அழுகல் பற்றிப் பேசும்போது அது ஏன் பெரிய விஷயம் என்று தெரியும்.

கலவையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் மண் இறுகி, ஈரம் வடியாமல், வேருக்குக் காற்றில்லாமல் போகும். ஈர மேற்பரப்பில் குட்டிக் கருப்பு ஈக்கள் குடியேறும். நாற்றுத் தட்டுக்கு இன்னும் குறைவு, பத்தில் ஒரு பங்கு போதும்.

சந்தையில் இந்தப் பெயரில் விற்பதில் பாதி, புழு பார்க்காத எரு. கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. கசிந்தால் எடைக்குத் தண்ணீர் வாங்குகிறீர்கள். மழை பெய்த மண்ணின் வாசனை வர வேண்டும். அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் மக்கி முடியவில்லை. பையின் நடுவில் கைவிட்டால் சூடு தெரிந்தாலும் அதே முடிவுதான். அப்படிப்பட்ட பையைத் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால், நிழலில் கொட்டி, ஈரம் காயாமல் மூன்று நான்கு வாரம் கிளறி வைத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

எரு அடிப்படையில் செய்த எந்த உரத்துக்கும் இன்னொரு சோதனை அவசியம். இதைப் பலரும் செய்வதில்லை. கால்நடை தின்ற புல்லில் அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் தெளித்திருந்தால் அவை மாட்டின் வயிற்றையும் உரக்குழியையும் தாண்டி உயிரோடு வரும். மிக நுண்ணிய அளவே மிளகாயின் கொழுந்தைக் கிண்ணம்போல் குவித்து முறுக்கிவிடும். கண்ணுக்கும் மூக்குக்கும் பிடிபடாது. வாங்கிய உரமும் சாதாரண மண்ணும் சமமாகக் கலந்து ஒரு சிறு தொட்டியில் நான்கு பீன்ஸ் விதையும், வெறும் மண்ணில் நான்கு விதையும் போடுங்கள். மூன்று வாரத்தில் உரத் தொட்டியின் செடியில் மட்டும் இலை முறுக்கினால் அந்தப் பை மிளகாய்ப் பக்கமே வரக்கூடாது.

வேப்பம் பிண்ணாக்கு

தழைச்சத்து 4–5 சதவீதம், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சுமார் 1 சதவீதம். எண்களைத் தாண்டி இதற்கு இரண்டு வேலை உண்டு. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகத்தை இது மட்டுப்படுத்துகிறது. அதனால் தழைச்சத்து ஒரேயடியாக வெளியேறித் தண்ணீரோடு வடிந்துவிடாமல் மெல்லக் கிடைக்கும். வேர்முடிச்சு நூற்புழு இருக்கும் மண்ணில் அதன் பெருக்கத்தையும் குறைக்கும். மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றும் அதே மண்ணில் திரும்பத் திரும்ப நடப்படும் இடங்களில் இந்த இரண்டாவது வேலைக்காகவே வாங்கலாம்.

நடும் முன் கலவையில் 50 கிராம். கவனிக்க: நட்ட அன்றே போடக்கூடாது. ஈரக் கலவையில் பிண்ணாக்கு சிதையத் தொடங்கும்போது சூடு வரும், மேலே வெள்ளைப் பூஞ்சணம் படரும். பூஞ்சணத்தால் கெடுதல் இல்லை, ஆனால் சூட்டில் இளவேர் வாடும். கலந்து, ஈரமாக்கி, 15 நாள் ஆறவிட்டு நாற்றை இறக்குங்கள். பிறகு மாதம் ஒருமுறை 20 கிராமைத் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி வட்டமாகத் தூவி, மண்ணால் மூடித் தண்ணீர் விட்டால் போதும். மேலேயே கிடந்தால் காய்ந்து கட்டியாகி எதுவும் நடக்காது.

கலப்படத்தில் முதலிடம் இதற்குத்தான். ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். அடியில் மணல் தங்கினால் அது பிண்ணாக்கின் எடை அல்ல. நல்ல பிண்ணாக்கில் கசப்பும் லேசான பூண்டு நெடியும் கலந்த வாடை இருக்கும். வாடையே இல்லாத வெளிர்நிறத் தூள் என்றால் உமியோ, எண்ணெயைக் கடைசிச் சொட்டுவரை கரைப்பான் கொண்டு உறிஞ்சிய சக்கையோ. அந்தச் சக்கையில் தழைச்சத்து இருக்கும். நூற்புழுவுக்கு எதிரான வேலை மிகக் குறைவு.

மற்ற பிண்ணாக்குகளும் கோழி எருவும்

கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 7 சதவீதம். வேகமாகச் சிதையும், வேகமாகவே பலன் தெரியும். 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தினம் கலக்கி, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஒரு தொட்டிக்கு கால் லிட்டர் ஊற்றுவது பழகிய முறை. நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து மொட்டு தெரியும்வரை, 15 நாளுக்கு ஒருமுறை. மொட்டு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பலரும் ‘நன்றாக வளருதே’ என்று தொடர்ந்து ஊற்றிக் காயை இழப்பது இந்த இடத்தில்தான். நெடி, எறும்பு, எலி ஆகிய மூன்றும் இலவசம். திடமாக மண்ணில் புதைத்தால் எலி தொட்டியையே தோண்டும்.

ஆமணக்குப் பிண்ணாக்கு சத்தில் வேம்புக்கு நிகர். அதில் ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது. நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து. நாயோ தவழும் குழந்தையோ உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

கோழி எருக் குருணைகளை அளந்து போடுவது எளிது, பாத்தியில் மிளகாய் போடுபவர்களுக்கு உகந்தது. லேபிளில் 4:3:3 போன்ற எண் இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராமை நடும் முன் மண்ணில் கிளறிவிட்டால், அதிலிருந்து 6 கிராம் தழைச்சத்து வரும். தொட்டிக்கு 30 கிராமுக்கு மேல் போனால் உப்பு சேரும்: இலை ஓரம் பழுப்பாகக் கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரியும். அப்போது செய்யக்கூடியது ஒன்றே. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெல்ல ஊற்றி அடியில் வடியவிடுவது. பதப்படுத்தாத பச்சைக் கோழி எருவை எந்த அளவிலும் பரிந்துரைக்க மாட்டோம். மாட்டுச் சாணமும் பச்சையாக மண்ணில் போனால் அறுவடைக்கு 90 நாளாவது முன்னதாக இருக்க வேண்டும். காயைப் பச்சையாகச் சாப்பிடுபவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எலும்புத் தூள், சாம்பல்

எலும்புத் தூளுக்கு இருக்கும் புகழ் அதன் வேலையைவிடப் பெரியது. 20 சதவீதத்துக்கும் மேல் மணிச்சத்து, கூடவே சுண்ணாம்புச்சத்து, உண்மைதான். ஆனால் அந்த மணிச்சத்து கரைய மண் அமிலப்பக்கம் இருக்க வேண்டும். கார அமில நிலை (pH) 7ஐத் தாண்டிய மண்ணில் அது வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். மிளகாய்க்குப் பிடித்த நிலை 6.0 முதல் 6.8. அந்த வரம்புக்குள் இருந்தால் நடும்போது 30 கிராமைக் குழியின் அடியில் கலக்கலாம், நான்கு மாதம் வரும். ஏற்கனவே பல வருஷம் எருவும் கம்போஸ்ட்டும் போட்டு வந்த மண்ணில் மணிச்சத்து தேவைக்கு மேலேயே இருக்கும். அங்கே இது வேண்டாம். மிகையான மணிச்சத்து இரும்பையும் துத்தநாகத்தையும் செடிக்குக் கிடைக்காமல் தடுக்கும், வேரோடு கூட்டுவாழும் பூஞ்சைகளையும் விரட்டும். ‘பூ பூஸ்டர்’ என்ற பெயரில் வரும் தூள்களில் கணிசமானவை எலும்புத் தூளை அழகான டப்பாவில் அடைத்தவை. பூ வந்தபின் போடும் எலும்புத் தூள் அந்தப் பூவுக்கு உதவ வாய்ப்பே இல்லை. அது கரைவதற்குள் பருவம் பாதி போய்விடும்.

மரச் சாம்பலில் சாம்பல்சத்து உண்டு, வேகமாகக் கிடைக்கும். அதே வேகத்தில் மண்ணைக் காரமாக்கும். அமில மண்ணில் மட்டும், பூக்கும் நேரத்தில், ஒரு மேசைக்கரண்டி. பருவத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். எருவோடும் பிண்ணாக்கோடும் ஒரே நாளில் கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றோடு போகும். பெயிண்ட் அடித்த பலகை, நிலக்கரி இவற்றின் சாம்பல் ஆகவே ஆகாது.

மீன் கரைசல், கடல்பாசி

திரவங்களில் காசுக்கு நேர்மையானது மீன் கரைசல். நல்ல தயாரிப்பில் தழைச்சத்து 5 சதவீதம் வரை இருக்கும், சில நாளிலேயே இலையின் நிறம் மாறும். வீட்டில் மீன் கழிவும் வெல்லமும் ஊறவைத்துச் செய்யும் மீன் அமிலத்தில் சத்து இதைவிடக் குறைவு, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. லிட்டருக்கு 5 மில்லி கலந்து, தொட்டிக்கு அரை லிட்டர், வேரில் ஊற்றுவது நல்லது. அடி இலைகள் ஒரே சீராக மஞ்சளாகும்போது அதைச் சரிசெய்ய இதைவிட விரைவான இயற்கை மருந்து கிடையாது. இலையில் தெளித்தால் நெடிக்கு ஈ மொய்க்கும். காய் பிடித்தபின் தெளிக்கவே வேண்டாம். நாற்றுக்குக் கால் அளவு, அதுவும் விதையிலைகள் போக நான்கு உண்மை இலை வந்தபிறகு. அதற்கு முன் நாற்றுக்கு எந்த உரமும் தேவையில்லை.

கடல்பாசிச் சாற்றை உரம் என்று சொல்வதே கொஞ்சம் மிகை. தழைச்சத்து ஏறக்குறைய இல்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு பிரித்தெடுத்த கரையும் பொடியில் மட்டும் சாம்பல்சத்து குறிப்பிடும்படி இருக்கும். அதன் பலம் வேறு: சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளும், வறட்சியையும் வெப்பத்தையும் தாங்க உதவும் சில சேர்மங்களும். நாற்றைப் பிடுங்கி நடும்போது வேரை நனைக்க, வெயில் உச்சத்துக்கு ஒரு வாரம் முன் இலையில் தெளிக்க, இந்த இரண்டு இடத்தில் கொடுத்த காசுக்குப் பலன் தெரியும். லிட்டருக்கு 2–3 மில்லி, 15 நாளுக்கு ஒருமுறை, காலையிலோ மாலையிலோ. அளவைக் கூட்டினால் பலன் கூடாது. ஊக்கிகள் மிகையானால் வளர்ச்சி தடைபடவும் செய்யும். பசியில் வாடும் செடிக்கு இதைத் தெளித்துவிட்டுக் காத்திருப்பது வீண்.

ஹியூமிக் அமிலக் குருணைகள் (மக்கிய கரிமப் பொருளின் சாரம்): கலவையில் ஐந்தில் ஒரு பங்கு மண்புழு உரம் போட்டவருக்கு இது தேவையில்லை. வெறும் மணலில் வளர்ப்பவர் யோசிக்கலாம்.

நுண்ணுயிர்ப் பொடிகள்

இவற்றில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை ஒன்றை மனமுவந்து சொல்லலாம். நாற்றுத் தட்டில் தண்டு அடி மெலிந்து சாயும் நாற்றழுகலை முளைக்கும் முன்பே தடுக்கப் பயன்படும். 10 கிராமை ஒரு கிலோ ஈர மண்புழு உரத்தில் கலந்து, ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரம் நிழலில் வைத்தால் பெருகிவிடும். அதை நாற்றுக் கலவையில் சேர்க்கலாம். அழுகல் தொடங்கியபின் போட்டால் காப்பாற்றாது. காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் அசோஸ்பைரில்லம், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா இவற்றின் பலன் மண்ணைப் பொறுத்து ஏறி இறங்கும். கரிமப் பொருள் இல்லாத மண்ணில் அவை பிழைக்காது.

இந்தப் பொடிகளை வாங்கும்போது காலாவதித் தேதியைவிடக் கடையில் எங்கே வைத்திருந்தார்கள் என்பது முக்கியம். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் இரண்டு மாதம் கிடந்த பாக்கெட்டில் உயிர் இருக்குமா என்பதே சந்தேகம். குளோரின் நெடியடிக்கும் குழாய்த் தண்ணீரில் நேராகக் கரைக்காமல், தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்துவிட்டுக் கரையுங்கள். தாமிரப் பூஞ்சணக்கொல்லியைத் தெளித்த கையோடு இதைப் போட்டால் இரண்டு செலவும் வீண்.

காய் அழுகலும் கால்சியம் வியாபாரமும்

குடைமிளகாய் வளர்ப்பவர்களிடம் அதிகம் விற்கப்படுவது ஏதாவதொரு வடிவத்தில் கால்சியம். காயின் நுனியிலோ, நுனிக்குச் சற்று மேலே பக்கவாட்டிலோ, தண்ணீரில் ஊறியது போன்ற திட்டு தோன்றி, பின் பழுப்பாகித் தோல்போல் காய்ந்துபோகும். காரணம் காயில் சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்பது சரி. மண்ணில் குறைவு என்பது பெரும்பாலும் சரியல்ல.

சுண்ணாம்புச்சத்து வேர் உறிஞ்சும் தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும். எங்கே ஆவியாதல் அதிகமோ அங்கே போகும், அதாவது இலைக்கு. காயிலிருந்து ஆவியாவது மிகக் குறைவு, ஆகவே காய்க்குக் கிடைப்பது மிச்சம்தான். இலைக்குப் போனது திரும்பக் காய்க்கு இறங்காது. தொட்டி ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக இருந்தால், காய் வேகமாகப் பருக்கும் நேரத்தில் அந்த மிச்சமும் கிடைக்காது. தழைச்சத்தை அதிகம் கொடுத்து இலையைப் பெருக்கினால் போட்டி இன்னும் கூடும். அம்மோனியம் வடிவத் தழைச்சத்து, மிகையான சாம்பல்சத்து, மிகையான மெக்னீசியம் மூன்றும் வேரில் சுண்ணாம்புச்சத்தை முந்திக்கொண்டு நுழையும். இலை மஞ்சளைப் பார்த்ததும் எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) கைநிறையப் போடுபவர் காய் அழுகலைத் தானே வரவழைக்கிறார். அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் மஞ்சளானால்தான் மெக்னீசியக் குறை. அதற்கும் லிட்டருக்கு 5 கிராம், இலையில் ஒரு முறை தெளித்துப் பார்த்தால் போதும். அதே மாதிரி மஞ்சள் இளங்கொழுந்தில் வந்தால் அது இரும்பு. பெரும்பாலும் மண் காரமாகிவிட்டது என்று அர்த்தம்.

முட்டை ஓடு? கால்சியம் கார்பனேட்தான், நல்ல பொருள்தான். ஆனால் நொறுக்கிப் போட்ட துண்டு இந்தப் பருவத்துச் செடிக்கு எதுவும் தராது. மாவாக அரைத்தால் அமில மண்ணில் மெல்லக் கரையும். கார அமில நிலையை மாற்றாமல் சுண்ணாம்புச்சத்து வேண்டுமானால் ஜிப்சம் சிறந்தது. நடும்போது 20 கிராம் கலந்தால் அந்தப் பேச்சு முடிந்தது. தென்னை நார்க்கழிவில் வளர்ப்பவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. நார்க்கழிவு தன்னிடமுள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விட்டுவிட்டுச் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அழுகல் வந்தபின் கால்சியம் தெளிப்பவர்கள், தெளிப்பு இலையில் அல்ல, குட்டிக் காய்களின் மேலேயே பட வேண்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட, இரண்டு அங்குல மூடாக்கும் தினம் ஒரே நேரத்துத் தண்ணீரும்தான் அழுகலை நிறுத்தும். விலையில்லாத வைத்தியம் என்பதால் எந்த லேபிளிலும் அது எழுதப்படுவதில்லை.

காயின் வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளுத்த, காகிதம் போன்ற திட்டு வந்தால் அது அழுகல் அல்ல, வெயில் சுட்டது. இலை குறைந்த செடியில் வரும். கால்சியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உரத்தின் தலையில் விழும் பழி

இலைச் சுருட்டலுக்கு உரம் கேட்டு வருபவர்கள் முதலில் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இலை விளிம்பு மேல்நோக்கிப் படகுபோல் மடங்கினால் இலைப்பேன்; கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, கொழுந்து தடித்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி. சிலந்தி கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். கொழுந்து சிறுத்து, வெளிறி, வெள்ளை ஈயும் பறந்தால் வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்கி எறிவதே வழி. இவற்றில் எதற்கும் உரம் மருந்தாகாது, இன்னொரு பூச்சிக்குத் தீனியாகும்: தழைச்சத்து மிகுந்த இளந்தளிரில்தான் அசுவினி கூட்டம் கூட்டமாக வந்து உட்காரும்.

குளிர்ந்த மண்ணிலும் உரத்துக்குக் கெட்ட பெயர் வரும். பிண்ணாக்கையும் எருவையும் சத்தாக மாற்றுவது நுண்ணுயிர்கள். மண் 15 டிகிரிக்குக் கீழே போனால் அவற்றின் வேலை வெகுவாக மந்தமாகிவிடும். செடி வெளிறி நிற்கும், மண்ணில் உரம் நிறைய இருக்கும். அந்தச் சமயம் மேலும் கொட்டினால், வெயில் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு செடியைத் தழையாக்கிவிடும். சில வாரத்துக்கு மீன் கரைசலில் ஓட்டிவிட்டுக் காத்திருப்பதே நல்லது.

முதல் அறுவடை முடிந்ததும் செடி ஓய்ந்ததுபோல் நிற்கும். அப்போது இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் 20 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் மேல்மண்ணைக் கிளறிப் போட்டால் இரண்டாம் சுற்று வரும். இந்தக் கட்டத்தில் மீன் கரைசலையும் ஒருமுறை கொடுக்கலாம். குடைமிளகாயில் முதல் கிளை பிரியும் இடத்தில் வரும் முதல் பூவைக் கிள்ளியிருந்தால் இந்த ஓய்வு அவ்வளவு கடுமையாக இருக்காது.

வாங்கியதை வைப்பதிலும் கவனம் வேண்டும். பிண்ணாக்கு ஈரம் பட்டால் புழு வைக்கும், இறுக்கமாக மூடிய டப்பாவில் இருக்கட்டும். மண்புழு உரத்தை அப்படி மூடினால் கெடும். காற்று போகும் சாக்கில், நிழலில், ஈரம் காயாமல் வைத்தால் ஆறு மாதம் தாங்கும். மீன் கரைசல் பாட்டிலின் மூடியை வாரம் ஒருமுறை தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள், பாதிக்கு மேல் காலியான பாட்டிலை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.